மேகத்துக்குள் நீர் படும் பாடு

மே மாதத்துப் பிற்பகலில் திருப்பாச்சூரில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் அந்த நேரத்துக்கு நிழல் தேடித்தான் நிற்கவேண்டும். மூன்று, நான்கு மணி வாக்கில் கிழக்கிலிருந்து கடல்காற்று வந்து சேரும். எண்ணூர்க் கரையிலிருந்து இந்த ஊர் சுமார் 45 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அவ்வளவு தூரம் சுட்ட மண்ணின்மேல் தவழ்ந்து வருவதால், கடலில் இருந்த குளிர்ச்சி அந்தக் காற்றில் பெரிதாக மிஞ்சாது. கொண்டுவந்த ஈரம் மட்டும் மிஞ்சும். மேற்கேயிருந்து வரும் வறண்ட காற்றும் இந்த ஈரக்காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்றுக்குப் போக்கிடம் மேலேதான். ஒரு மணி நேரத்துக்குள் மேற்கே கறுத்துவிடும். வானிலை ஆய்வு மையம் இதை வெப்பச்சலன மழை என்று அறிவிக்கும். சில ஆண்டுகளில் அந்த மழையோடு ஆலங்கட்டியும் விழும்.

40 டிகிரி வெயில் காய்ந்த முற்றத்தில் பனிக்கட்டி வந்து விழுகிறது. அதற்குச் சில மணி நேரம் முன்பு அது வங்கக்கடலின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆவியாக இருந்தது. நடுவில் எத்தனை முறை நிலை மாறியது, ஏன் மாறியது? பள்ளிக்கூடத்தில் படித்த விதி இங்கே உதவாது. நீர் பூச்சியம் டிகிரியில் உறையும் என்று படித்தோம். மேகத்தில் அது பூச்சியத்துக்கு 20 டிகிரி கீழே போயும் நீராகவே இருக்கும். ஈரப்பதம் 100 சதவீதம் ஆனால் ஆவி துளியாகும் என்று படித்தோம். தூய காற்றில் அதுவும் நடக்காது. வானத்தில் நீர் தன்னந்தனியாகத் துளியாவதும் உறைவதும் அரிது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் அதற்குப் பிடித்துக்கொள்ள வேறொரு பொருள் வேண்டும். அந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் திருவள்ளூரில் பெய்யும் மழையின் குணம் அமைகிறது.

முதலில் ஆவி துளியாவதைப் பார்ப்போம். மார்கழிக் காலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால், ஆலைகளின் கூலிங் டவர் தலையில் வெள்ளையாக ஒன்று எழுந்து நிற்கும். பலரும் அதை நீராவி என்றே சொல்வார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது ஆவி குளிர்ந்து உண்டான பொடித் துளிகளை. கூர்ந்து பார்த்தால், கோபுரத்தின் வாயிலிருந்து கொஞ்ச தூரம் போன பிறகு அந்த வெள்ளை கிழிந்து கிழிந்து மறைவதும் தெரியும். சுற்றியுள்ள வறண்ட காற்று கலந்ததும் துளிகள் மறுபடி ஆவியாகிவிடுகின்றன. ஒரு மேகத்தின் விளிம்பில் நாள் முழுக்க நடப்பதும் இதுவே. மேகம் என்பது ஓரிடத்தில் நிற்கும் பொருளே அல்ல. ஒரு பக்கம் துளிகள் பிறந்துகொண்டும் இன்னொரு பக்கம் கரைந்துகொண்டும் இருக்கும் இடம்.

மேலே ஏறும் காற்று குளிர்வதற்குக் காரணம், மேலே அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவழிக்கும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி குறையும். கடல்காற்று கலந்த மே மாதக் காற்றுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஈரப்பதம் 100 சதவீதம் ஆகிவிடும். மேகத்தின் அடிப்பாகம் தட்டையாக, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் தெரிவது இதனால்தான்.

ஆனால் 100 சதவீதம் ஆனால் மட்டும் போதாது. சில மூலக்கூறுகள் மட்டும் கூடிச் சேர்ந்த மிகச்சிறு துளியின் மேற்பரப்பு மிகவும் வளைந்திருக்கும். அந்த வளைவிலிருந்து மூலக்கூறுகள் எளிதாகத் தப்பித்துப் போய்விடும். எனவே தூய காற்றில், தூய ஆவி தானாகவே துளியாக வேண்டுமென்றால் ஈரப்பதம் 300, 400 சதவீதம் வரை ஏறவேண்டியிருக்கும். அப்படி ஒரு ஈரப்பதம் பூமியின் எந்த வானத்திலும் கிடையாது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எயிட்கன் 1880களில் இதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் காட்டினார். பஞ்சின் வழியாக வடிகட்டிய காற்றுக்குள் நீராவியைச் செலுத்தினார், மூடுபனி உண்டாகவில்லை. வடிகட்டாத காற்றில் செலுத்தியதும் அடர்ந்த மூடுபனி எழுந்தது. தூசு இல்லையேல் மேகம் இல்லை என்று அன்றே தெரிந்துவிட்டது.

எல்லாத் தூசும் ஒன்றல்ல. நீரை விரும்பும் தூசுதான் இங்கே முக்கியம், அதில் முதன்மையானது உப்பு. ஐப்பசி மழையில் சமையலறை ஜாடியில் உப்பு கசிந்து அடியில் நீர் கோத்துக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு காற்றிலுள்ள ஆவியை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். வங்கக்கடலில் அலை உடையும்போது தெறிக்கும் நுண்திவலைகள் உலர்ந்து, உப்புத் துகள்களாகக் காற்றில் மிதக்கின்றன. மேகத்தின் அடிப்பாகத்துக்கு வந்ததும் அவற்றைச் சுற்றி நீர் படிகிறது. இப்படிப்பட்ட கருக்கள் இருப்பதால் மேகத்துக்குள் ஈரப்பதம் 101 சதவீதத்தைத் தாண்டுவதே அரிது.

இந்த முதல் மாற்றம் நடக்கும்போது வெளிவரும் வெப்பத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கணக்கிடவேண்டும், ஏனென்றால் இடிமழையின் வலிமையில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். அதே ஒரு கிராம் நீர் கடலிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 600 கலோரி வேண்டும். அந்த 600 கலோரியும் எங்கும் போய்விடவில்லை, ஆவிக்குள் பதுங்கியிருக்கிறது. அதனால்தான் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். மேகத்தில் ஆவி துளியாகும்போது வாங்கிய கடனை வட்டியில்லாமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த நீரின் எடை ஒரு கோடி கிலோ. அவ்வளவு நீர் மேகமாக மாறியபோது வெளிவந்த வெப்பத்தை மின்சார யூனிட்டில் சொன்னால் சுமார் 70 லட்சம் யூனிட். வட சென்னை அனல் மின் நிலையத்தின் ஒரு 600 மெகாவாட் அலகு முழு வேகத்தில் ஓடினாலும் இதை உற்பத்தி செய்ய அரை நாள் ஆகும். இது ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு, ஒரே ஒரு சென்டிமீட்டருக்கு. 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அந்த நாளில் சென்னையின் மேல் விடுவிக்கப்பட்ட வெப்பத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இந்த வெப்பம் மேகத்துக்குள்ளேயே இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இன்னும் மேலே போகிறது, இன்னும் ஆவி துளியாகிறது, இன்னும் வெப்பம் வெளிவருகிறது. மே மாதத்து மேகம் 15 கிலோமீட்டர் உயரம்வரை எழும்புவதற்கான எரிபொருள் இதுதான்.

துளி பிறந்துவிட்டது. ஆனால் மழை இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது. மேகத்துளியின் விட்டம் 20 மைக்ரான் அளவில் இருக்கும். சராசரி மழைத்துளி 2 மில்லிமீட்டர். மேகத்துளியைக் கடுகு அளவு என்று வைத்துக்கொண்டால் மழைத்துளி மட்டை உரிக்காத தேங்காய் அளவு. விட்டத்தில் 100 மடங்கு என்றால் கொள்ளளவில் பத்து லட்சம் மடங்கு. மேகத்துளி விழும் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் கீழே வர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதற்குள் மேகத்துக்கு வெளியே வந்து காய்ந்துவிடும். அதற்கு முன்பே, ஏறிவரும் காற்று அதை மேலே தள்ளிவிடும். ஆவி படிந்து படிந்தே அது மழைத்துளியாக வளரட்டும் என்றால் பல மணி நேரம் ஆகும். திருவள்ளூர் வானத்தில் எழும் ஒரு மேகத்தின் ஆயுளோ ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பெரும்பாலான மேகங்கள் பெய்யாமலே கலைந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

மேகம் இந்தச் சிக்கலிலிருந்து வெளிவர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துளிகள் மோதி ஒட்டிக்கொள்வது. எல்லாத் துளிகளும் ஒரே அளவாக இருந்தால் ஒரே வேகத்தில் மிதக்கும், மோதாது. சில துளிகள் மட்டும் 40 மைக்ரானைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் வேகமாக இறங்கி, வழியிலுள்ள சிறு துளிகளை வாரிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட பெரிய துளிகளுக்குப் பெரிய கரு வேண்டும். அதைக் கடல் தருகிறது. வடகிழக்குப் பருவகாலத்தில் இரவிலும் விடியலிலும் வங்கக்கடலிலிருந்து ஊர்ந்து வரும் உயரம் குறைந்த மேகங்களைக் கவனித்திருப்பீர்கள். இடியும் மின்னலும் பெரிதாக இருக்காது. திடீரென்று சடசடவென்று பெய்துவிட்டுப் போய்விடும். அந்த மேகங்களின் உச்சிகூட உறைநிலையைத் தொட்டிருக்காது. பனிக்கட்டியின் உதவியே இல்லாமல், கடல் உப்பைப் பிடித்து வளர்ந்த மழை அது.

இந்த வழியைச் செயற்கையாகத் திறக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளில் திருவள்ளூருக்கும் இடம் உண்டு. 1970களில், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் திருவள்ளூர் வட்டாரத்து மேகங்களில் விமானத்திலிருந்து உப்பு தூவிப் பார்த்தது. வெளிநாடுகளில் அப்போது பிரபலமாக இருந்தது வெள்ளி அயோடைடு. அது உறைநிலை உயரத்தைத் தாண்டி எழுந்த குளிர் மேகங்களுக்கான மருந்து. நம் ஊர் மேகங்களில் பலவும் அந்த உயரத்துக்குப் போவதில்லை என்பதால் நம் ஆய்வாளர்கள் உப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் தேர்வு எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்குகிறது. அயல்நாட்டு முறையை அப்படியே கொண்டுவராமல், தலைக்கு மேலே இருக்கும் மேகம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டு முடிவெடுத்தார்கள். இதே நிறுவனம் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1973க்கும் 1986க்கும் இடையில் பதினொரு ஆண்டுகள் இதைச் செய்தது. உப்பைப் பத்து மைக்ரான் அளவுக்கு அரைத்து, கட்டிபிடிக்காமலிருக்க மாக்கல் தூள் கலந்து, மேகத்தின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே தூவினார்கள். தூவிய நாட்களில் மழை 24 சதவீதம் கூடுதலாகப் பெய்ததாக முடிவு வந்தது. எந்த நாளில் எந்தப் பகுதியில் தூவுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்ததால்தான் இந்த எண்ணுக்கு மதிப்பு. அப்படிச் செய்யாவிட்டால், எப்படியும் பெய்யவிருந்த மழையை நம் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

மேகத்துக்குள்ள இரண்டாவது வழி உயரத்தில் இருக்கிறது. சென்னை, திருவள்ளூர் வட்டாரத்தில் தரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூச்சியம் டிகிரி ஆகிறது. அதைத் தாண்டியும் துளிகள் உறைவதில்லை. ஒரு துளி உறையவேண்டுமானால் அதற்குள் சில மூலக்கூறுகள் பனிக்கட்டியின் அறுகோண ஒழுங்கில் வந்து நிற்கவேண்டும். சிறிய துளியில் அது தற்செயலாக நடப்பது மிக அரிது. மைனஸ் 38 டிகிரி வரைகூட தூய துளி நீராகவே தாக்குப்பிடிக்கும். இதை மீக்குளிர் நீர் என்பார்கள். இங்கேயும் கரு வேண்டும், ஆனால் உப்பு பயன்படாது. கரைந்துபோகும் பொருளில் பனிக்கட்டி ஒட்ட முடியாது. உப்பு கரைந்தால் உறைநிலை இன்னும் கீழேதான் போகும். சிலவகைக் களிமண் தூசு, சில பாக்டீரியாக்கள் போன்றவையே உறைகருவாக முடியும். அவை அரிதிலும் அரிது. மைனஸ் 20 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றில் லட்சக்கணக்கில் துளிகள் இருக்கும். உறைகரு ஒன்று இருந்தால் பெரிது.

அந்த ஒன்று போதும் என்பதுதான் வியப்பு. மைனஸ் 15 டிகிரியில் நீர்த்துளிக்கு மேலே ஆவியின் தெவிட்டு அழுத்தம் 1.91 மில்லிபார், பனிக்கட்டிக்கு மேலே 1.65. அதாவது துளிகளுக்குச் சரியாக 100 சதவீதமாகத் தெரியும் காற்று, பக்கத்திலிருக்கும் பனிப்படிகத்துக்கு 116 சதவீதம். ஆகவே ஆவி படிகத்தின்மேல் படியும். படிந்ததால் காற்று கொஞ்சம் வறளும். வறண்டதும் துளிகள் ஆவியாகும். அந்த ஆவியும் படிகத்தின்மேல் போய்ப் படியும். துளிகள் தேயத் தேயப் படிகம் கொழுக்கிறது. இடையில் நீர்நிலையைத் தொடாமலே ஆவி நேரே பனியாகிறது. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வெகனர் 1911இலேயே இந்த வேறுபாட்டின் விளைவைக் குறிப்பிட்டிருந்தார். சுவீடனின் டோர் பெர்ஜரான் 1922இல், இன்றைய ஆஸ்லோவுக்கு அருகிலுள்ள ஒரு குன்றில், ஃபிர் மரங்களுக்கு நடுவே நடந்துபோனபோது அதைக் கண்ணால் கண்டார். குளிர் அதிகமான நாட்களில் மூடுபனி மரங்களின் உயரத்திலேயே நின்றுவிட்டது, பாதையில் இறங்கவில்லை. கிளைகளில் உறைந்திருந்த பனி, மூடுபனித் துளிகளின் நீரைத் தன்னிடம் இழுத்துக்கொண்டிருந்தது. குளிர் குறைந்து பூச்சியத்தை ஒட்டிய நாட்களில் மூடுபனி தரைவரை இறங்கியது. மேகத்திலும் இதுதான் நடக்கவேண்டும் என்று அவர் 1930களில் விரித்துச் சொன்னார். 1946இல் அமெரிக்காவின் வின்சென்ட் ஷேஃபர் ஒரு உறைபெட்டிக்குள் மூச்சை ஊதி மேகம் உண்டாக்கி, அதில் உலர் பனிக்கட்டித் துண்டைப் போட்டபோது கணக்கற்ற படிகங்கள் மின்னின. அதே ஆண்டு பெர்னார்ட் வானகட், பனிக்கட்டியின் அமைப்பையே ஒத்திருக்கும் வெள்ளி அயோடைடும் அந்த வேலையைச் செய்யும் என்று காட்டினார்.

திருவள்ளூரின் கோடை மழையில் பெரும்பகுதி இப்படிப் பனியாகப் பிறந்ததே. படிகத்தின்மேல் மீக்குளிர் துளிகள் வந்து மோதி, மோதிய கணமே உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஏறிவரும் காற்று பலமாக இருந்தால் அந்தக் கட்டி விழாமல் மேலேயே சுற்றிவந்து ஆலங்கட்டியாகும். அடுத்த முறை ஆலங்கட்டி கையில் கிடைத்தால் கத்தியால் நடுவில் வெட்டிப் பாருங்கள். பால் வெள்ளையும் கண்ணாடித் தெளிவும் மாறி மாறி வளையங்களாக இருக்கும். மேகத்தின் மிகக் குளிர்ந்த பகுதியில் துளிகள் பட்டவுடன் உறைந்ததால் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொண்ட அடுக்கு வெள்ளை. நீர் மிகுந்த பகுதியில், உறையும்போது வெளிவரும் வெப்பத்தால் மேற்பரப்பு நனைந்தே இருந்து, மெல்லப் பரவி, குமிழிகள் வெளியேறிய பிறகு உறைந்த அடுக்கு தெளிவு. கட்டி எந்தெந்தப் பகுதி வழியாகப் போய்வந்தது என்ற பயணக் குறிப்பு அந்த வளையங்களில் இருக்கிறது.

பெரும்பாலான பனி தரைக்கு வருவதற்குள் உருகிவிடும். சென்னைத் துறைமுகத்தில் 2002இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார் போன்ற கருவிகளில் இந்த உருகலைப் பார்க்க முடியும். மழை சீராகப் பெய்யும்போது, 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே பிரகாசமான ஒரு பட்டை தெரியும். உருகத் தொடங்கிய பனித்துகள் தன்மேல் நீரைப் பூசிக்கொண்டு, ரேடாரின் கண்ணுக்குப் பெரிய மழைத்துளியாகத் தோன்றுகிறது. முழுக்க உருகியதும் சுருங்கி வேகமாக விழுந்துவிடுவதால் பட்டை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இறங்கும்போது வெப்பக் கணக்கு தலைகீழாகிறது. உருக ஒரு கிராமுக்கு 80 கலோரி, மேகத்துக்குக் கீழே வறண்ட காற்றில் துளியின் ஒரு பகுதி ஆவியாக 600 கலோரி. இரண்டையும் சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுக்கவேண்டும். குளிர்ந்து கனத்த அந்தக் காற்று தடாலென்று தரையில் இறங்கி நான்கு பக்கமும் பரவும். மழைக்குப் பத்து நிமிடம் முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் சில்லென்ற காற்று இதுதான். திருத்தணிப் பக்கம் பெய்யும் மழையின் குளிர், திருப்பாச்சூருக்கு மழை வருமுன்பே வந்துவிடும். சில நாள் காற்று மட்டும் வந்து, மழை வராமலே போய்விடும்.

இனி, நாம் காற்றில் சேர்க்கும் கருக்கள். கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகள், எண்ணூரைச் சுற்றியுள்ள அனல் மின் நிலையங்கள், நெடுஞ்சாலை லாரிகள், வயலில் கொளுத்தும் வைக்கோல் எல்லாமே நுண்துகள்களை வெளியிடுகின்றன. கந்தக டை ஆக்சைடு காற்றில் மாறி உருவாகும் சல்பேட் துகள், உப்பைப்போலவே நீரை விரும்பும். கரு அதிகமானால் மழை அதிகமாகும் என்று தோன்றும். நடப்பது வேறு. கடல்மேல் உள்ள தூய காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 துளி என்ற அளவில் இருந்தால், மாசுபட்ட காற்றில் அது ஆயிரத்தையும் தாண்டும். அதே நீரை அத்தனை துளிகள் பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். மோதுவதற்கான அளவை எதுவும் எட்டாது. இஸ்ரேலின் டேனியல் ரோசன்ஃபெல்ட் 2000ஆம் ஆண்டு, துருக்கி, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் கீழ்க்காற்றுத் திசையில் துளிகள் சிறுத்து மழை தடைபட்டிருப்பதைச் செயற்கைக்கோள் படங்களில் காட்டினார். ஆழமான இடிமேகத்தில் விளைவு மாறக்கூடும். கீழே பெய்யாத சிறு துளிகள் 5 கிலோமீட்டரைத் தாண்டிப் போய் அங்கே உறையும். உறையும் வெப்பம் மேகத்தை இன்னும் உயர்த்தும். தாமதமாகப் பெய்தாலும் கொட்டித் தீர்க்கும் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். இந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஒரே புகை, உயரம் குறைந்த மேகத்தின் மழையைக் கெடுக்கவும் உயர்ந்த மேகத்தின் மழையை முரட்டுத்தனமாக்கவும் கூடும் என்பது, பூண்டி ஏரியைச் சுற்றி வாழும் எவருக்கும் அக்கறைக்குரிய விஷயம்.

மேகத்தில் கருக்களைத் தூவும் மேக விதைப்பாலும், புகை கெடுத்த மழையைச் சரிக்கட்டிவிட முடியாது. புனே நிறுவனம் 2018, 2019 பருவமழைக் காலங்களில் சோலாப்பூரில் நவீன முறையில் விதைத்து, சராசரியாக 18 சதவீதம் மழை கூடியதாக அறிவித்தது. அந்த 18 சதவீதம், ஏற்கெனவே தக்க மேகம் இருந்த இடத்தில் கிடைத்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றி, பிறகு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வறட்சியில் தக்க மேகம் இல்லாவிட்டால் விதைப்பு உதவாது.

நம்மால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கும்மிடிப்பூண்டி உட்படப் பல ஊர்களில் காற்றுத் தரம் அளக்கும் நிலையங்கள் இயங்குகின்றன. அவை அளப்பது துகள்களின் எடை, ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று. நுரையீரலுக்கு அந்தக் கணக்கு பயன்படும். மேகத்துக்கு வேண்டியது எண்ணிக்கை. ஒரு மைக்ரான் விட்டமுள்ள ஒரே துகளின் எடையும், 0.1 மைக்ரான் விட்டமுள்ள ஆயிரம் துகள்களின் எடையும் சமம். எடைப்பதிவில் இரண்டும் ஒன்றே, மேகத்திலோ ஒன்று ஒரு பெரிய துளி, மற்றொன்று ஆயிரம் சிறு துளிகள். துகள்களைச் சற்றே மிகையான ஈரப்பதத்தில் வைத்து, எத்தனை துளியாகின்றன என்று எண்ணும் கருவிகள் இருக்கின்றன. ஆய்வு விமானங்களில் அவை பறக்கின்றன. அப்படி ஒன்றைக் கும்மிடிப்பூண்டியிலும், கடல்காற்று வந்து முட்டும் திருவள்ளூருக்கு மேற்கே இன்னொன்றையும் வைத்துச் சில ஆண்டுகள் தொடர்ந்து எண்ணவேண்டும். பக்கத்திலேயே மழைமானியும் ரேடார் பதிவும் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வட்டாரத்து ஆலைப்புகை இங்குள்ள மழையை என்ன செய்கிறது என்று அனுமானமாக அல்லாமல் அளவாகச் சொல்லிவிடலாம்.